பத்தாம் வகுப்பா, மக்தபா? கேள்வியே தவறு!



ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் திறந்த சில நாட்களில் எங்கள் மக்தபில் ஒரு காட்சி தவறாமல் நிகழும். மஃரிப் தொழுகை முடிந்து மாணவர்கள் ரைஹாலை விரித்து அமரும் வேளையில் ஒரு தந்தை தயங்கியபடி வாசலில் வந்து நிற்பார்.

"ஹஜ்ரத், பையன் இந்த வருஷம் பத்தாவது. டியூஷன்ல சேர்த்துட்டோம். பப்ளிக் எக்ஸாம் முடியுற வரைக்கும் ஓத அனுப்ப முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க."

நான் தப்பாக நினைப்பதில்லை. அவருடைய அச்சம் உண்மையானது. படப்பை, வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் உள்ள ஊர். ஒருபக்கம் தாம்பரம், மறுபக்கம் ஒரகடம். இங்குள்ள தந்தையரில் சிலர் ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கிறார்கள். சிலர் சாலையோரத்தில் சிறு கடை நடத்துகிறார்கள். தாம் பட்ட கஷ்டத்தைப் பிள்ளை படக்கூடாது என்று நினைக்கும் ஒருவரை எப்படிக் குறை சொல்வது?

ஆனால் அவர் எடுக்கும் முடிவைக் குறை சொல்வேன். மார்க்கக் கல்வியை நிறுத்தினால் உலகக் கல்விக்கு நேரம் கூடும் என்பது ஒரு தவறான கணக்கு. ஆண்டுதோறும் நம் சமுதாயம் இந்தக் கணக்கைப் போடுகிறது. ஆண்டுதோறும் இரண்டு பக்கமும் நஷ்டப்படுகிறது.

ஒரு மாணவனின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி நிறுத்தப்பட்ட ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். யாஸீன், முல்க், வாகிஆ சூராக்களை மனனம் செய்திருந்தவன். பத்தாம் வகுப்பு வந்ததும் மக்தபிலிருந்து நின்றான். மாலை ஆறு மணிக்கு டியூஷன் சென்று ஒன்பது மணிக்கு வீடு திரும்புவான். சாப்பிட்ட பின், "படிக்கிறேன்" என்று கைப்பேசியோடு அறைக்குள் போவான். பாடத்தைக் காணொளியில் பார்ப்பதாகச் சொன்னதால் பெற்றோரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. உறங்கும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். காலை ஏழரை மணிக்குத் தாய் எழுப்புவார். பல்லைத் துலக்கிய கையோடு பேருந்துக்கு ஓடுவான்.

மக்தபை நிறுத்தியதால் அவனுக்கு மிச்சமானது முக்கால் மணி நேரம். அதன் விலையாக அவன் இழந்தது ஃபஜ்ர் தொழுகையையும், ஃபஜ்ரிலிருந்து பள்ளிப் பேருந்து வரும்வரை இருந்த இரண்டு மணி நேரத்தையும். முக்காலைக் கொடுத்து இரண்டை வாங்கினால் அது வியாபாரம். இரண்டைக் கொடுத்து முக்காலை வாங்கினால் அதற்கு என்ன பெயர்? நம் கடைக்காரச் சகோதரர்களே சொல்லட்டும்.

தேர்வு முடிவு வந்தபோது கணக்கில் அவன் 35ஐத் தொடவில்லை. துணைத் தேர்வு எழுதித் தேறினான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மக்தபுக்கு அவன் திரும்பவில்லை. "எக்ஸாம் முடியுற வரைக்கும்" என்று சொல்லி நிறுத்தப்பட்டவன் அவன். தேர்வு முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இஷாவுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் சில நாள் அவனைத் தேநீர்க் கடையில் பார்க்கிறேன். சலாம் சொல்கிறான். தலையைக் குனிந்துகொள்கிறான்.

நேரமில்லை என்பது உண்மையா?

ஒரு நாளுக்கு 24 மணி நேரம். உறக்கத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பள்ளிக்கும் பயணத்துக்கும் எட்டரை. உண்பது, குளிப்பது முதலியவற்றுக்கு இரண்டு. விளையாட்டுக்கு ஒன்று. ஐவேளைத் தொழுகைக்கு ஒன்று. மக்தபுக்கு அரை மணி நேரம். எல்லாம் சேர்ந்து 21 மணி நேரம் ஆகிறது. வீட்டில் அமர்ந்து படிக்க இன்னும் மூன்று மணி நேரம் மீதி இருக்கிறது. விடுமுறை நாட்களை இதில் சேர்க்கவில்லை.

பள்ளியில் கவனித்துக் கேட்கும் பிள்ளைக்குத் தினமும் மூன்று மணி நேரம் போதாதா? தாராளமாகப் போதும். அந்த மூன்று மணி நேரம் எங்கே போகிறது என்பதே கேள்வி. உங்கள் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுங்கள். ஒரு வாரம், ஒவ்வோர் அரை மணி நேரமும் என்ன செய்தான் என்று எழுதச் சொல்லுங்கள். திட்டமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். திருடன் யார் என்று அந்தத் தாளே காட்டிவிடும். அது தொழுகையாகவும் இருக்காது, குர்ஆனாகவும் இருக்காது.

அல்லாஹ் காலத்தின் மீது சத்தியமிட்டு அருளிய அல்அஸ்ர் சூராவில் மூன்றே வசனங்கள். நம் பிள்ளைகள் ஐந்து வயதில் அதை ஓதிவிடுகிறார்கள். மனிதன் நஷ்டத்தில் இருக்கிறான் என்று அதில் சொல்லப்படும் அந்த மனிதன் நாமும்தான் என்பதை ஐம்பது வயதிலும் நாம் உணர்வதில்லை. உடல்நலம், ஓய்வு நேரம் என்ற இரு அருட்கொடைகளில் பெரும்பாலோர் ஏமாந்து போகிறார்கள் என்னும் கருத்தில் ஒரு நபிமொழி புகாரியில் பதிவாகியுள்ளது. ஏமாறுபவனுக்குத் தான் ஏமாறுவது தெரியாது. கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் மாணவனும் தான் படித்துக்கொண்டிருப்பதாகவே நம்புகிறான்.

திறந்த புத்தகமும் மூடிய குர்ஆனும்

மேலே சொன்ன மாணவன் யாஸீன் சூராவின் 83 வசனங்களையும் பிழையின்றி ஓதுவான். அதே பிள்ளைக்கு அறிவியலில் ஒரு பக்க விடை மறுநாளே மறந்துவிடும். நினைவாற்றல் குறைவு என்று இதற்குக் காரணம் சொல்ல முடியுமா?

எனக்குக் காரணம் புரியச் சில ஆண்டுகள் ஆயின. சூராவை அவன் ஏட்டை மூடி வைத்துவிட்டு உஸ்தாதின் முன் ஓதிக் காட்டுகிறான். தடுமாறும் இடம் அங்கேயே தெரிந்துவிடுகிறது. திருத்திக்கொண்டு மீண்டும் ஓதுகிறான். அறிவியல் புத்தகத்தையோ அவன் ஒருபோதும் மூடுவதில்லை. திறந்து வைத்துக்கொண்டு நான்கு முறை வாசிக்கிறான். வண்ணப் பேனாவால் கோடு போடுகிறான். கண்ணுக்குப் பழகிவிட்டதை மனத்தில் பதிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். தேர்வறையில் புத்தகம் மூடியிருக்கிறது. அப்போதுதான் தன் மனத்தில் எதுவும் இல்லை என்று அவனுக்குத் தெரிகிறது.

ஹிஃப்ழு மத்ரஸாக்களில் ஒவ்வொரு நாளும் மூன்று வேலைகள் உண்டு. புதிய பாடம் சபக். சில நாட்களுக்குள் ஓதியதைத் திரும்ப ஒப்பிப்பது சபக் பாரா. நெடுநாளைக்கு முன் முடித்ததை மீண்டும் சுற்றி வருவது தவ்ர். புதியதை மட்டும் ஓதிக்கொண்டு போகும் மாணவனை எந்த உஸ்தாதும் அனுமதிக்க மாட்டார். பின்னால் இருப்பது சரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பள்ளிப் பாடத்தில் நம் பிள்ளைகள் சபக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஜூனில் படித்ததை மார்ச்சில்தான் திரும்பப் பார்க்கிறார்கள்.

சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இமாம் ஸர்னூஜி (ரஹ்) மாணவர்களுக்காக எழுதிய 'தஃலீமுல் முதஅல்லிம்' என்ற நூல் இன்றும் மத்ரஸாக்களில் ஓதப்படுகிறது. நேற்றைய பாடத்தை ஐந்து முறையும், அதற்கு முந்திய நாளின் பாடத்தை நான்கு முறையும், அதற்கும் முந்தியதை மூன்று முறையும், இப்படியே இரண்டு, ஒன்று எனத் திருப்பிச் சொல்லிப் பார்க்குமாறு அதில் அவர் வழிகாட்டுகிறார். படிப்புக்கு மிகச் சிறந்த நேரங்களாக அவர் குறிப்பிடுபவை இரண்டு: ஸஹர் நேரம், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம்.

ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். 2006இல் அமெரிக்க ஆய்வாளர்களான ரோடிகர், கார்பிக் இருவரும் மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, வாசித்துவிட்டுப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். பொதுத் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

அன்புப் பெற்றோரே! இந்தப் பழக்கம் உங்கள் பிள்ளைக்கு ஏற்கனவே கைவந்திருக்கிறது. மக்தபில் அமர்ந்து அதைப் பெற்றான். அதைப் பள்ளிப் பாடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கொடுக்க வேண்டிய நேரத்தில், பழக்கம் உண்டான இடத்தையே மூடுகிறீர்கள்.

ராமேஸ்வரத்துச் சிறுவன்

முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களைப் பற்றி நம் மேடைகளில் அடிக்கடி ஒரு நிகழ்ச்சி சொல்லப்படும். நமக்கு அருகில் உள்ள குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அவர் படித்தபோது, விமான வடிவமைப்புப் பணி ஒன்றை மூன்று நாட்களில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று பேராசிரியர் எச்சரித்தார். இரவு உணவையும் தவிர்த்து அவர் வரைந்து முடித்தார். நம் இளைஞர்கள் இதைக் கேட்டுவிட்டு, கடைசி மூன்று நாள் கண்விழித்தால் போதும் என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள்.

அந்த மூன்று நாட்களுக்கு முன்னால் இருந்த ஆண்டுகளை யாரும் சொல்வதில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது விடியற்காலை நான்கு மணிக்குக் கணித வகுப்பு. குளித்துவிட்டு வந்தால்தான் ஆசிரியர் அனுமதிப்பார். அவருக்கு முன்பே எழுந்து அவரைக் குளிப்பாட்டி அனுப்பியவர் தாயார். ஐந்து மணிக்கு அவர் திரும்பும்போது, தொழுகைக்கும் அரபிப் பாடசாலையில் குர்ஆன் ஓதுவதற்கும் அழைத்துச் செல்லத் தந்தை காத்திருப்பார். அதன் பிறகு, உலகப் போர்க் காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளை எடுத்து வந்து வீடுவீடாகப் போடும் வேலை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் பள்ளிக்கூடம்.

அந்தத் தந்தை, கணக்கு வகுப்பு இருக்கிறது என்பதற்காகக் குர்ஆனை நிறுத்தவில்லை. குர்ஆன் ஓத வேண்டும் என்பதற்காகக் கணக்கையும் நிறுத்தவில்லை. மகனுக்கு முன்பே எழுந்தார், அவ்வளவுதான். கலாம் அவர்களின் படத்தை வீட்டில் மாட்டுவது எளிது. அவருடைய பெற்றோர் எழுந்த நேரத்தில் எழுவது கடினம்.

பழி எங்கள் மீதும் உண்டு

பெற்றோரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் தப்பிவிட முடியாது. ஆலிம்களாகிய நாங்களும் பதில் சொல்ல வேண்டும்.

அந்த மாணவன் எங்களிடம் ஓதிய ஏழு ஆண்டுகளில் ஒருநாளேனும், "பள்ளியில் எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது?" என்று நான் கேட்டதில்லை. அவன் கணக்கில் தடுமாறுவது, முடிவு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அவன் தாமதமாக வந்த நாட்களில் நிற்க வைத்திருக்கிறேன். தாமதத்தின் காரணத்தைக் கேட்டதில்லை. மக்தபையும் பள்ளியையும் எதிரெதிராக நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். அல்லாஹ் மன்னிப்பானாக.

உயர்நிலை மாணவருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் ஒரே நேரம், ஒரே வகுப்பு என்று வைத்திருப்பது எங்கள் பிழை. மாலையில்தான் மக்தப் என்று எந்தக் கிதாபிலும் எழுதப்படவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் போதும். டியூஷனோடு மோதலும் இல்லை. பிள்ளை எழுந்துவிட்டான் என்ற நிம்மதியும் பெற்றோருக்கு உண்டு.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது நம் அனைவருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே இரவு பதினொன்றரை வரை ஒலிபெருக்கியில் பயான் நடத்துகிறோம். பன்னிரண்டு மணிக்கு வலீமா விருந்து பரிமாறுகிறோம். பிறகு, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஃபஜ்ருக்கு வருவதில்லை" என்று மிம்பரில் வருந்துகிறோம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. இரவை நாம் பறித்துக்கொண்டு அதிகாலையை அவர்களிடம் கேட்பது நீதியாகாது. 2024, 2025 ஆண்டுகளில் ரமளானும் பொதுத் தேர்வும் ஒரே மார்ச்சில் வந்தன. தராவீஹ் முடிந்தும் தெருமுனைகளில் இளைஞர் கூட்டம் கலையவில்லை. அவர்களை வீட்டுக்கு அனுப்ப நம்மில் எத்தனை பேர் அந்தத் தெருவுக்குப் போனோம்?

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழகப் பொதுத் தேர்வுகளில் மாணவியரின் தேர்ச்சி விகிதமே ஆண்டுதோறும் மாணவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறது. அந்த மாணவியருக்கு நம் வீடுகளில் கிடைக்கும் நேரம் எவ்வளவு? அண்ணன் படிக்கிறான் என்று சத்தம் போடாமல் பாத்திரம் துலக்குபவள் தங்கை. அவளுக்கும் அதே ஆண்டு அரசுத் தேர்வு. வீட்டுக்குள் ஊழியம் செய்வது நபி (ஸல்) அவர்களின் வழக்கம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். ஆண்பிள்ளை தன் தட்டைத் தானே கழுவினால் தங்கைக்கு அரை மணி நேரம் கிடைக்கும்.

ஆட்சேபணைக்குப் பதில்

"மார்க் வந்தால்தான் ஹஜ்ரத் சீட்டு கிடைக்கும்" என்பார்கள். உண்மைதான். தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடத்தில் அமர மதிப்பெண் வேண்டும். நான் மதிப்பெண்ணுக்கு எதிரி அல்லன். 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் குழந்தைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது இடையில் நின்றவர் என்று 2006இல் சச்சார் குழு எழுதியபோது வெட்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். அதே அறிக்கைதான், பள்ளி வயது முஸ்லிம் குழந்தைகளில் மத்ரஸாவில் மட்டும் படிப்பவர்கள் சுமார் 3 சதவீதமே என்றும் சொன்னது. நம் கல்வி வீழ்ச்சிக்கு மார்க்கக் கல்வியைக் காரணம் காட்டியவர்களுக்கு அதுவே பதில். வெளியார் அன்று சுமத்திய அதே பழியை இன்று நம் வீட்டுக்குள் நாமே சுமத்துகிறோம்.

செய்ய வேண்டியவை

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு நான் தரும் அட்டவணை புதியதல்ல. தொழுகை குறித்த நேரங்களில் கடமையாக்கப்பட்டது என்று அந்நிஸா சூராவின் 103ஆவது வசனம் அறிவிக்கிறது. உங்கள் நாளை ஐந்தாகப் பகுத்துத் தந்தவன் அல்லாஹ். அந்தத் தூண்களுக்கு இடையில் பாடத்தை வையுங்கள்.

இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசி அத்தாவின் அலமாரிக்குப் போகட்டும். நீங்கள் படுக்கைக்குப் போங்கள். காலை ஐந்து மணிக்கு எழுங்கள்.

ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் குர்ஆன்; அதன்பின் ஒரு மணி நேரம் கணக்கு. விடையைப் பார்த்துப் படிக்கும் கணக்கு கணக்கல்ல. கைடை மூடிவிட்டுப் போடுங்கள். தடுமாறிய கணக்கைக் குறித்து வைத்துப் பள்ளியில் ஆசிரியரிடம் கேளுங்கள்.

அஸர் முதல் மஃரிப் வரை விளையாடுங்கள். அது வீண் நேரமல்ல.

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அன்று பள்ளியில் நடந்ததைப் படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் நினைவில் உள்ளதை எழுதுங்கள். விடுபட்டதை மட்டும் திறந்து பாருங்கள். இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் பழைய பாடத்துக்கு ஒரு தவ்ர்.

டியூஷன் தேவையென்றால், எந்தப் பாடத்தில் பலவீனமோ அதற்கு மட்டும் செல்லுங்கள். ஐந்து பாடத்துக்கும் டியூஷன் செல்பவன் பள்ளியில் உறங்குகிறான். நான் கண்டது இதுதான்.

பெற்றோரே! இதை உங்கள் பிள்ளை தனியாகச் செய்ய முடியாது. அவன் எழ வேண்டிய நேரத்தில் நீங்கள் தொழுகை விரிப்பில் நின்றிருக்க வேண்டும். அவன் கைப்பேசியை வைக்கும் அலமாரியில் உங்கள் கைப்பேசியும் இருக்க வேண்டும். இரவு ஷிப்டில் இருக்கும் தந்தைக்குப் பதிலாகத் தாய், தாய்க்கு முடியாவிட்டால் மூத்த சகோதரர் என்று யாராவது ஒருவர் அந்த வீட்டில் விழித்திருக்க வேண்டும்.

வரும் ஜூன் மாதத்திலும் யாராவது ஒரு தந்தை எங்கள் மக்தப் வாசலுக்கு வருவார். அவரிடம் நான் இம்முறை சொல்லப்போவது இதுதான்: "பாய், மாலை வகுப்பிலிருந்து தாராளமாக நிறுத்திக்கொள்ளுங்கள். நாளை ஃபஜ்ருக்கு அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். குர்ஆனையும் ஓதட்டும், கணக்குப் புத்தகத்தையும் எடுத்து வரட்டும். நானும் உடன் அமர்ந்திருப்பேன்."

தேநீர்க் கடையில் தலைகுனிந்து நிற்கும் அந்தப் பிள்ளைக்கும் இதே அழைப்புதான். வகுப்பில் அவனுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

நம் பிள்ளைகளின் நேரத்தில் பரக்கத்தையும், கல்வியில் பயனையும், ஈமானில் உறுதியையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.